14001-ஆ, 45001-ஆ, இரண்டும் சேர்த்தா? கடலூர், புதுச்சேரி ஆலைகளுக்கு ஓர் ஒப்பீடு

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரியின் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ ஆலை நடத்துகிறவருக்கு ஐஎஸ்ஓ சான்றிதழ் பற்றிய யோசனை பெரும்பாலும் வாங்குபவரிடமிருந்துதான் வருகிறது. அவர் அனுப்பும் கேள்வித்தாளில் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்று (ஐஎஸ்ஓ 14001) உண்டா, தொழிலாளர் பாதுகாப்புச் சான்று (ஐஎஸ்ஓ 45001) உண்டா என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். விசாரித்த ஒரு வாரத்தில் நாலைந்து கொட்டேஷன் வந்துவிடும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பல மடங்கு வித்தியாசம். எல்லாவற்றிலும் 'ஐஎஸ்ஓ' என்ற சொல் இருப்பதால் மலிவானதில் கை போகிறது. அந்த இடத்தில்தான் பணமும் ஒரு வருட உழைப்பும் வீணாகின்றன.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரசாயனம், சாயம், மருந்து மூலப்பொருள், சாயமிடுதல் என்று கரைப்பானும் அமிலமும் கழிவுநீரும் புழங்கும் ஆலை என்றால் 14001, 45001 இரண்டையும் ஒரே அமைப்பாக ஒரே நேரத்தில் எடுங்கள். பேக்கிங், அசெம்பிளி, பிளாஸ்டிக் வார்ப்பு போன்ற உலர் வேலை என்றால் வாங்குபவர் கேட்பதை மட்டும் எடுத்தால் போதும். அவர் எதையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை என்றால் 45001-லிருந்து தொடங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதலிலோ உரிமங்களிலோ ஓட்டை இருக்கிறது என்றால் இப்போதைக்கு எதையும் எடுக்க வேண்டாம். அந்த ஓட்டையை அடைப்பதற்குப் பணத்தைச் செலவிடுங்கள்.

சட்டக் கோப்பு முதலில்

சான்றிதழ் சட்டத்துக்கு மாற்று ஆகாது. இரண்டு தரநிலைகளிலும் 6.1.3 பிரிவு, பொருந்தும் சட்டங்களைப் பட்டியலிடச் சொல்கிறது. 9.1.2 அவற்றைப் பின்பற்றுகிறோமா என்று காலமுறையில் சரிபார்த்து ஆதாரம் வைக்கச் சொல்கிறது. சான்றுக்காக ஆலையைப் பார்க்க வரும் ஆடிட்டர் அரசு இன்ஸ்பெக்டர் அல்ல, அபராதம் போட மாட்டார். ஆனால் இயக்க ஒப்புதல் காலாவதியாகி, புதுப்பிக்க விண்ணப்பிக்கவும் இல்லை என்றால் அவர் சான்றுக்குப் பரிந்துரைக்க முடியாது.

தேதியை விட அடிக்கடி சிக்க வைப்பது அளவு. ஒப்புதலில் மாதம் 50 டன் என்று இருக்கும், டெஸ்பாட்ச் பதிவேட்டில் 65 டன் போயிருக்கும். அல்லது ஒப்புதலில் இல்லாத ஒரு துணைப்பொருள் ஆறு மாதமாக உற்பத்தியில் இருக்கும். இரண்டும் சின்ன எழுத்துப் பிழைகள் அல்ல. உற்பத்தி கூடினால் கழிவுநீரும் கூடும். அதைத் தாங்கும் அளவுக்கு இடிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) கட்டப்பட்டிருக்காது.

கோப்பில் இருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: நீர், காற்றுச் சட்ட ஒப்புதல்கள். அபாயக் கழிவு அனுமதி, அதன் படிவம் 3 பதிவேடு, ஒவ்வொரு லாரிக்குமான படிவம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவு போகும் இடத்தைக் காட்டும் சீட்டு), ஜூன் 30-க்குள் தர வேண்டிய படிவம் 4 ஆண்டறிக்கை. செப்டம்பர் 30-க்குள் தர வேண்டிய படிவம் 5 சுற்றுச்சூழல் அறிக்கை. கரைப்பான் சேமிப்புக்கு பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) உரிமம். பாய்லர், பிரஷர் வெசல், லிஃப்டிங் கருவிகளின் சோதனைச் சான்றுகள். பொதுப் பொறுப்புக் காப்பீடு. 1989-ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளுக்குள் வரும் ஆலை என்றால் தள அவசரத் திட்டமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடத்திய ஒத்திகையின் பதிவும்.

இன்னொன்று பலரிடம் இன்னும் மாறவில்லை. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டப் பதிவேட்டில் 1948 தொழிற்சாலைகள் சட்டம் மட்டுமே இருந்தால் அந்தப் பதிவேடு பழசு.

கடலூரில் ஒரு ஆலையும் புதுச்சேரியில் இன்னொன்றும் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஊருக்கு ஊர் அரை மணி நேரப் பயணம்தான், ஆனால் சட்டக் கோப்பு இரண்டு. கடலூரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும். எல்லை தாண்டினால் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவும் அங்குள்ள தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகமும். கட்டணம், படிவம், புதுப்பிக்கும் காலம் எல்லாம் தனித்தனி. ஒரே சான்றிதழில் இரு தளங்களையும் சேர்க்கலாம். ஆனால் இரண்டிலும் வேலை ஒரே மாதிரியாக இல்லை என்றால் ஒரு தளத்தை மட்டும் சாம்பிளாகப் பார்த்து முடிக்க ஆடிட்டருக்கு அனுமதி இல்லை. இரண்டையும் பார்க்க வேண்டும், ஆடிட் நாளும் அதற்கேற்பக் கூடும்.

இரண்டு தரநிலைகளும் எங்கே ஒன்றாகின்றன, எங்கே பிரிகின்றன

14001 முதலில் 1996-இல் வந்தது, 2004-லும் 2015-லும் திருத்தப்பட்டது. 45001 வந்தது 2018 மார்ச்சில். அதற்கு முன் இருந்தது ஓசாஸ் 18001. யாராவது இன்றும் 18001 சான்று தருகிறேன் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம், அதன் மாற்றக் காலம் 2021-இலேயே முடிந்துவிட்டது. 14001-க்கு எந்த ஆண்டுப் பதிப்பின்படி சான்று தரப்படும், பதிப்பு மாறினால் மாற்றக் காலம் எவ்வளவு என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. 4 முதல் 10 வரை ஏழு பிரிவுகள்: சூழல், தலைமை, திட்டமிடல், ஆதரவு, செயல்பாடு, மதிப்பீடு, மேம்பாடு. ஆவணக் கட்டுப்பாடு, பயிற்சி, உள் ஆடிட், மேலாண்மை மறுஆய்வு ஆகியவற்றை ஒருமுறை எழுதினால் இரண்டுக்கும் போதும். ஏற்கெனவே தர மேலாண்மைக்கான 9001 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதியில் பாதி வேலை முடிந்தது போலத்தான்.

பிரிவது 6.1.2-இல். 14001 கேட்பது: உங்கள் வேலை காற்றையும் நீரையும் மண்ணையும் எப்படித் தொடுகிறது? 45001 கேட்பது: அதே வேலை ஆளை எப்படித் தொடுகிறது? ரசாயன ஆலையில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் பெரும்பாலும் ஒரே குழாயில்தான் இருக்கிறது. டொலுவீன் டிரம்மிலிருந்து ரியாக்டருக்கு மாற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். டொலுவீனின் தீப்பற்று வெப்பநிலை சுமார் 4 டிகிரி. கடலூர் வெயிலில் அது எப்போதும் பற்றத் தயாராக இருக்கும் ஆவி. குழாய் வழியே ஓடும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. டிரம்மும் ரியாக்டரும் இணைக்கப்படாமல் இருந்தால் ஒரு பொறி போதும். மூடி திறந்திருந்தால் ஆளின் மூக்கில் ஆவி. ஹோஸ் கழன்றால் தரையில் கொட்டி, பக்கத்து மழைநீர் வாய்க்காலில் இறங்கி, உப்பனாற்றுக்குப் போகும் வழி கிடைத்துவிடும்.

பதிவேட்டில் இதை ஒரே வரியில் எழுத வேண்டும். வேலை, ஆபத்து, யாருக்கு, எதற்கு, இப்போதைய கட்டுப்பாடு, இன்னும் செய்ய வேண்டியது. கட்டுப்பாடுகளை எழுதும்போது 45001-இன் 8.1.2 ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் மாற்று, பிறகு பொறியியல் ஏற்பாடு, பிறகு நடைமுறையும் பயிற்சியும், கடைசியில்தான் கையுறையும் மாஸ்க்கும். டொலுவீன் வேலைக்கு அது இப்படி இறங்கும்: டிரம்மை விட்டுவிட்டு டேங்கிலிருந்து மூடிய குழாயில் பம்ப் செய்ய முடியுமா? முடியாது என்றால் டிரம்முக்கும் ரியாக்டருக்கும் எர்த்திங் கிளாம்ப், இணைப்பின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்கிறதா என்று மாதாமாதம் அளந்த பதிவு, திரவம் மேலிருந்து தெறிக்காமல் அடிவரை இறங்கும் டிப் பைப், உள்ளே நைட்ரஜன். வாய்க்கால் வாயில் மூடி வைத்த வால்வு. அதன் பிறகுதான் ஆர்கானிக் வேப்பர் மாஸ்க்.

பெரும்பாலான பதிவேடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 'பிபிஇ வழங்கப்பட்டது' (கையுறை, மாஸ்க் போன்ற பாதுகாப்பு உபகரணம்) என்று எழுதி முடித்திருப்பார்கள். அது தவறு என்று எழுதிப் போகும் ஆடிட்டர் நல்ல ஆடிட்டர். அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு பதிவேடுகளைத் தனித்தனியாக வைத்தால் வரும் கேடு வேறு. சுற்றுச்சூழல் ஆள் ஆவி வெளியேறுவதைக் குறைக்க வெண்ட் குழாயை மூடச் சொல்வார். பாதுகாப்பு ஆள் பிரஷர் ஏறக்கூடாது என்று திறக்கச் சொல்வார். ஒரே வரியில் இருந்தால் இருவரும் உட்கார்ந்து கண்டென்சரும் பிரீதர் வால்வும் போட்டு முடிப்பார்கள்.

மழை

இந்தக் கரையில் ஆலை வைத்திருப்பவர் 8.2 அவசரத் தயார்நிலைப் பிரிவை வேறு ஊர் மாதிரியில் எழுத முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது, நகரில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அதே 2024 பிப்ரவரியில்தான் காலநிலை மாற்றம் தங்களுக்குப் பொருந்துமா என்று நிறுவனங்கள் தீர்மானிக்க வேண்டும் என்ற வரி இரண்டு தரநிலைகளிலும் 4.1-இல் சேர்ந்தது. பல ஆலைகள் 'பொருந்தாது' என்று எழுதி வைத்திருக்கின்றன. கடலூரில் அந்தப் பதில் நிற்காது.

டேங்க் ஃபார்மைச் சுற்றிக் கசிவைப் பிடிக்கக் கட்டிய டைக் சுவரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்பரப்பு 300 சதுர மீட்டர், சுவர் உயரம் 80 செ.மீ., கொள்ளளவு 240 கிலோலிட்டர். உள்ளே இருக்கும் பெரிய டேங்க் 200 கிலோலிட்டர். பெரிய டேங்க்கின் 110 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்ற வழக்கமான கணக்கில் 220 போதும், எனவே சரி. இப்போது 45 செ.மீ. மழையை அதில் ஊற்றுங்கள். 135 கிலோலிட்டர் தண்ணீர் நிற்கும். மீதி இடம் 105. அன்றைக்கு டேங்க் உடைந்தால் பாதிதான் உள்ளே நிற்கும்.

இதற்குப் பயந்து மழைக்காலத்தில் டைக்கின் வடிகால் வால்வைத் திறந்தே விட்டுவிடுவது வழக்கமான தவறு. வால்வு திறந்திருந்தால் டைக் இருப்பதும் இல்லாததும் ஒன்று. சரியான நடைமுறை: வால்வு எப்போதும் மூடிப் பூட்டியிருக்கும், சாவி ஷிப்ட் இன்சார்ஜிடம். மழை நின்றதும் தேங்கிய நீரின் பிஎச், சிஓடி (கரிம மாசின் அளவு) பார்த்து, சுத்தம் என்றால் வாய்க்காலுக்கு, இல்லை என்றால் இடிபிக்கு. யார் திறந்தார், எப்போது மூடினார் என்று பதிவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது தினசரி வேலை. அதற்குமுன் செப்டம்பரிலேயே வாய்க்கால் தூர் வாரி, டீசல் பம்பை ஓட்டிப் பார்த்து, ஸ்லட்ஜ் கொட்டகையின் கூரையைச் சரிசெய்துவிட வேண்டும். அபாயக் கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியைச் சரியாகப் பின்பற்றினாலே மழைக்கு முன் கொட்டகை காலியாகிவிடும்.

கழிவுநீர்த் தொட்டியின் சுவரும் இதே பட்டியலில்தான் வரும். 2025 மே மாதம் குடிகாட்டில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. அது சுற்றுச்சூழல் விபத்தா, பாதுகாப்பு விபத்தா என்று கேட்டால், வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு அந்தப் பிரிவினையே கிடையாது. தொட்டியின் கட்டுமான உறுதியைப் பரிசோதிப்பதும், கொள்ளளவுக்கு மேல் நிரப்பாமல் இருப்பதும் இரண்டு தரநிலைகளுக்கும் பொதுவான வேலை.

4.2-இல் வரும் 'ஆர்வமுள்ள தரப்பினர்' பட்டியலையும் இங்கே வெறும் சடங்காக எழுத முடியாது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 பெற்று, கடுமையாக மாசடைந்த பகுதிகளில் ஒன்றாக வந்தது. சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தினர் கண்காணிப்புக் குழு அமைத்து, வாளியில் காற்று மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியவர்கள். ஈச்சங்காட்டிலிருந்து வரும் 'ராத்திரி நாற்றம் அடிக்குது' என்ற போன் அழைப்பு உங்கள் புகார்ப் பதிவேட்டில் நேரத்தோடும், காற்றின் திசையோடும், அப்போது எந்த பேட்ச் ஓடியது என்ற விவரத்தோடும் இருக்க வேண்டும்.

45001 மட்டும் கேட்பவை

14001-ஐ மட்டும் எடுத்தால் விட்டுப்போகும் மூன்று விஷயங்கள் இங்குள்ள ஆலைகளுக்கு உயிர்நாடி.

முதலாவது, 5.4 தொழிலாளர் பங்கேற்பு. மேற்பார்வையாளர் அல்லாத தொழிலாளரைக் கேட்டுத்தான் ஆபத்துகளை அடையாளம் காண வேண்டும் என்கிறது. மொழியும் எழுத்தறிவும் தடையாக இருந்தால் அந்தத் தடையை நீக்கச் சொல்கிறது. உங்கள் லோடிங் ஆட்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் என்றால், தமிழில் கூட அல்லாமல் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டிய பாதுகாப்புக் குறிப்புகள் இந்தப் பிரிவில் நேரடி என்சி (ஆடிட்டர் எழுதும் குறை). உடனடி ஆபத்து என்றால் வேலையை விட்டு விலக உரிமை உண்டு என்பது தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று 7.3 கேட்கிறது. ஆடிட்டர் மேலாளரை விட்டுவிட்டு அந்த ஆளிடமே கேட்பார்.

இரண்டாவது, 8.1.3 மாற்ற மேலாண்மை. கரைப்பானை மாற்றியது, பம்ப் சீலை வேறு பொருளில் போட்டது, ராத்திரி ஷிப்டில் ஆளைக் குறைத்தது எல்லாமே மாற்றம்தான். மாற்றும் முன் யார் பார்த்துக் கையெழுத்திட்டார்?

மூன்றாவது, 8.1.4 காண்ட்ராக்டர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பராமரிப்பும் தொட்டி சுத்தம் செய்வதும் காண்ட்ராக்ட் ஆட்களிடம் இருப்பதால் சாவும் அங்கேதான் நடக்கிறது. இடிபியில் கழிவுநீரைச் சேர்த்துச் சமன்செய்யும் ஈக்வலைசேஷன் தொட்டியின் அடியில் சேறு அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. அழுகிய முட்டை நாற்றம் வரும்வரை பயமில்லை என்று நினைப்பார்கள். சுமார் 100 பிபிஎம்மில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அந்த அளவே உயிருக்கு ஆபத்தான அளவு. மேலே நின்று அளந்தால் குறைவாகக் காட்டும், சேற்றைக் கிளறியதும் குமிழ்விட்டு எழும். எனவே நுழையும் முன் மேல், நடு, அடி என்று மூன்று உயரத்தில் அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள், எரியக்கூடிய வாயு அதன் கீழ் வெடிப்பு எல்லையில் 10 சதவீதத்துக்குக் கீழ், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்குக் கீழ். உள்ளே இருக்கும் ஆளின் உடம்பில் அலாரம் அடிக்கும் மீட்டர் தொடர்ந்து ஓட வேண்டும். பிளோயர் நிற்கக் கூடாது. மேலே டிரைபாட், வின்ச், ஹார்னஸ், அங்கிருந்து நகராத ஒரு காவலாள். முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்றக் குதிக்கும் இரண்டாவது ஆளும் சாவதுதான் இந்த விபத்தின் வழக்கமான உருவம். அதனால் காவலாளுக்குச் சொல்ல வேண்டிய முதல் விதி 'இறங்காதே, வின்ச்சால் தூக்கு' என்பதே.

தொட்டியில் இறங்க அனுமதி தரும் பெர்மிட் தாளில் இவை எல்லாம் அச்சாகி இருக்கும். ஆடிட்டர் பார்ப்பது வேறு: மீட்டர் கடைசியாக எப்போது காலிபிரேட் ஆனது, காலை பத்து மணி பெர்மிட்டில் எழுதிய அளவுகள் ஒன்பது மணிக்கே நிரப்பப்பட்டவையா, நேற்றைய பெர்மிட்டிலும் அதே எண்கள்தானா.

தலைக் கணக்கும் ஆடிட் நாளும்

கொட்டேஷன்களை ரூபாயில் ஒப்பிடாதீர்கள், ஆடிட் நாளில் ஒப்பிடுங்கள். எத்தனை பேருக்கு, எவ்வளவு ஆபத்தான தொழிலுக்கு எத்தனை நாள் என்று சர்வதேச அங்கீகார மன்றத்தின் (ஐஏஎஃப்) எம்டி 5 என்ற கட்டாய ஆவணத்தில் அட்டவணையே இருக்கிறது. ரசாயனத் தொழில் இரண்டு தரநிலைகளிலும் உயர் பிரிவு.

சொந்த ஆட்கள் 58 பேர், காண்ட்ராக்ட் ஆட்கள் 40 பேர் உள்ள ஒரு ஆலை என்று வைத்துக்கொள்வோம். 58 மட்டும் காட்டினால் 46–65 வரிசை, ஒரு தரநிலைக்கு 8 நாள். ஆனால் உங்கள் கட்டுப்பாட்டில் வேலை செய்யும் காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்க வேண்டும். 98 பேர், 86–125 வரிசை, 11 நாள். இரண்டு தரநிலைக்கும் 22. ஒருங்கிணைந்த அமைப்பு என்பதற்காக அதிகபட்சம் 20 சதவீதம் குறைக்கலாம், அதாவது பதினெட்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. வேறு காரணங்களுக்கான குறைப்புக்கும் 30 சதவீதம் உச்சவரம்பு. இரண்டையும் முழுசாகக் கழித்தாலும் 12 நாளுக்குக் கீழே இறங்காது. இது தயார்நிலையைப் பார்க்கும் ஸ்டேஜ் 1, முழுமையாகச் சோதிக்கும் ஸ்டேஜ் 2 இரண்டும் சேர்ந்த கணக்கு. அதில் குறைந்தது 80 சதவீதம் ஆலைக்குள் கழிய வேண்டும். பிறகு ஆண்டுதோறும் சர்வைலன்ஸ் ஆடிட்டுக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றாண்டு முடிவில் மறுசான்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு.

ஆக, 'இரண்டு சான்றும் சேர்த்து மூன்று நாளில் முடித்துவிடலாம்' என்று வரும் கொட்டேஷன் இந்தக் கணக்கில் எங்கும் பொருந்தாது. விலை குறைந்தது அங்கேதான். தலைக் கணக்கைக் குறைத்துக் காட்டி நாளைக் குறைப்பதும் வேண்டாம். வருகைப் பதிவும் கேட் பாஸும் ஆடிட்டர் கையில் வரும், அப்போது கணக்கு மாறும்.

யாரிடம் வாங்குவது

இந்தியாவில் சான்றளிக்கும் நிறுவனங்களை அங்கீகரிப்பது இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் உள்ள என்ஏபிசிபி. பிரிட்டனில் யூகேஏஎஸ், ஜெர்மனியில் டாக்ஸ். இவற்றில் எதன் அங்கீகாரம் இருந்தாலும் பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி மதிப்பு ஒன்றே. வாங்குபவர் குறிப்பிட்டு வேறு ஒன்றைக் கேட்காதவரை என்ஏபிசிபி போதும், வெளிநாட்டுப் பெயருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

சரிபார்க்க வேண்டியது இரண்டு அடுக்கு. சான்றளிக்கும் நிறுவனம் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால், உங்கள் தொழில் பிரிவுக்கும் அந்தத் தரநிலைக்கும் சேர்த்து இருக்கிறதா? ரசாயனத்துக்குக் குறியீடு 12, மருந்துக்கு 13, ஜவுளிக்கு 4. 9001-க்கு 12 வைத்திருந்து 45001-க்கு இல்லாத நிறுவனங்கள் உண்டு. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஏமாற்றம் வருவது அதில்தான். வாங்குபவர் சான்றுகளைத் தேடும் ஐஏஎஃப் செர்ட்சர்ச் தளத்தில் தேடினால் உங்கள் சான்று வர வேண்டும்.

ஒரே ஆள் ஆவணமும் தயாரித்து, உள் ஆடிட்டும் செய்து, சான்றும் தருகிறேன் என்றால் ஏற்க வேண்டாம். சான்றளிக்கும் நிறுவனம் ஆலோசனை தரக் கூடாது என்பது அந்த நிறுவனங்களுக்கான 17021-1 தரநிலையின் அடிப்படை விதி.

சான்றின் எல்லை வாசகத்தையும் படியுங்கள். முகவரி சிப்காட் மனை எண்ணோடு இருக்கிறதா, உற்பத்தி என்ற சொல் இருக்கிறதா? டேங்க் ஃபார்மையும் இடிபியையும் எல்லைக்கு வெளியே தள்ளிய சான்றை விவரம் தெரிந்த வாங்குபவர் ஒரு நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்.

மற்ற வழிகள்

ஜெட் சான்று: மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் திட்டம், 2022 ஏப்ரலில் இந்த வடிவத்தில் வந்தது. கட்டணம் பிரான்ஸ் 10,000, சில்வர் 40,000, கோல்டு 90,000 ரூபாய். மானியம் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம். விண்ணப்பிக்கும் முன் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வேண்டும். தட்டாஞ்சாவடியில் பதினைந்து பேரோடு ஓடும் பட்டறைக்கு இது நல்ல முதல் படி. ஏற்றுமதி வாங்குபவரிடம் 45001-க்கு மாற்றாக இதைக் காட்ட முடியாது.

ஐஎஸ் 14489 பாதுகாப்புத் தணிக்கை: 1998-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை. சான்றிதழ் கிடையாது, அறிக்கை மட்டும். ஆனால் ரியாக்டர், ரிலீஃப் வால்வு, இன்டர்லாக், ஃபயர் ஹைட்ரன்ட் என்று இறங்கிப் பார்ப்பதில் ஐஎஸ்ஓ ஆடிட்டை விட ஆழமானது. சான்று கேட்காத உள்நாட்டு வாடிக்கையாளர்கள் மட்டும் என்றால், இந்தத் தணிக்கையைத் தகுதியுள்ளவரிடம் செய்துகொண்டு, அதில் வரும் குறைகளை முடிப்பது 45001 சான்றைச் சுவரில் மாட்டுவதை விடப் பயனுள்ளது. சான்று எடுக்கிறவர்களும் இதை முதலில் செய்தால் 6.1.2 பதிவேட்டுக்கு உண்மையான சரக்கு கிடைக்கும்.

சான்று வாங்காமல் தரநிலையை மட்டும் பின்பற்றுவதும் வழிதான். 14001 சுய அறிவிப்பை அனுமதிக்கிறது. எக்கோவாடிஸ் போன்ற, சப்ளையர்களுக்கு மதிப்பெண் தரும் மதிப்பீடுகளில் சான்று இருந்தால் மதிப்பெண் கூடும், ஆனால் ஊழியர் உரிமை, வணிக நெறி, கொள்முதல் பற்றியும் அங்கே கேட்பதால் ஐஎஸ்ஓ மட்டும் போதாது.

எவ்வளவு காலம், யாரை வைத்து

தொடக்கத்திலிருந்து சான்று வரை ஆறு முதல் ஒன்பது மாதம் ஒதுக்குங்கள். முதல் மாதம் சட்டக் கோப்பு. அடுத்த இரண்டு மாதம் பதிவேடு, ஆலையில் நடந்து பார்த்து எழுதியது. பிறகு குறைந்தது மூன்று மாதப் பதிவுகள் சேர வேண்டும். ஒரு முழு உள் ஆடிட், ஒரு மேலாண்மை மறுஆய்வு, ஒரு அவசர ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். இவை இல்லாமல் ஸ்டேஜ் 2-க்குத் தேதி வாங்குவது வீண். ஸ்டேஜ் 2-இல் பெரிய என்சி வந்து, கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருத்தத்தை மெய்ப்பிக்காவிட்டால் அந்த ஸ்டேஜையே திரும்ப நடத்த வேண்டும், பணமும் திரும்ப.

ஆலோசகரை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அவர் எழுதும் வேலையைப் பாதியாகக் குறைத்து, உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை இரட்டிப்பாக்குங்கள். வேறு மாநில ஆலையின் சட்டப் பட்டியலை அப்படியே ஒட்டிக்கொடுப்பது ஆலோசகர் வேலையில் அடிக்கடி கண்ணில் படும் குறை. பட்டியலில் மகாராஷ்டிர வாரியத்தின் பெயர் இருந்தால் ஆடிட்டர் மேற்கொண்டு தோண்டுவார். 'மயிரிழையில் தப்பிய' சம்பவப் பதிவேடு வருடம் முழுக்க வெறுமையாக இருப்பதும் அவர் கண்ணில் படும். நூறு பேர் வேலை செய்யும் ரசாயன ஆலையில் எதுவும் நடக்கவில்லை என்றால் யாரும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். சொன்ன ஆளைத் திட்டிய மேற்பார்வையாளர் ஒருவர் எங்கோ இருப்பார்.

45001 எடுத்தவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. பெரிய விபத்து நடந்தாலோ, அதிகாரிகள் தலையிடும் அளவுக்குச் சட்டமீறல் நடந்தாலோ, சான்றளித்த நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அவர்கள் சிறப்பு ஆடிட் நடத்தலாம், சான்றை நிறுத்தி வைக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இயக்குநர் இதைப் படித்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே அங்கீகாரமில்லாத இடத்தில் சான்று வாங்கிவிட்டவர்கள் அதை நல்ல நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. மாற்றம் அங்கீகாரமுள்ள சான்றுகளுக்கு இடையில் மட்டும்தான். ஸ்டேஜ் 1-லிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். ஆனால் பெர்மிட், மேனிஃபெஸ்ட், பயிற்சிப் பதிவுகளில் உண்மையாக எழுதப்பட்டவை எல்லாம் அப்படியே செல்லும், தூக்கிப்போட வேண்டாம்.